வீட்டில் போன் இருக்கிறது, பெண்பிள்ளையிடம் இருக்கிறதா?

கேள்வி, ஜூலை 6, மாலை 5.10

எங்கள் வீட்டில் நான்கு பேர், மூன்று போன். எனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, கல்லூரியில் படிக்கும் மகனுக்கு ஒன்று. மகளுக்குப் பதினைந்து வயது. எப்போது கேட்டாலும் யாராவது ஒருவர் கொடுத்துவிடுகிறோம், ஒருநாளும் மறுத்ததில்லை. அப்படியிருக்க, போன் விஷயத்தில் பெண்பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அவள் எதில் பின்தங்கினாள்? தனியாக ஒன்று வாங்கிக் கொடுத்தால்தான் ஆயிற்றா?

ஜூலை 6, இரவு 9.40

"எப்போது கேட்டாலும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். உங்கள் மகன் கேட்க வேண்டியதில்லை, மகள் கேட்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை கேட்கிறாள், எத்தனை முறை கேட்க வந்துவிட்டுத் திரும்பிப் போகிறாள் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

நான் பதினெட்டு வருடமாகக் கணக்கு ஆசிரியை. வகுப்புக் குழுவுக்காக வருடா வருடம் போன் எண்கள் வாங்கி ஒரு நோட்டில் எழுதுவேன். பையன்கள் பெயருக்கு எதிரே பெரும்பாலும் வெறும் எண். பெண்பிள்ளைகள் பெயருக்கு எதிரே எண்ணும், பக்கத்தில் சின்னதாக ஒரு உறவுப்பெயரும்: அப்பா, அண்ணன், சித்தப்பா. ஒரு பெண்ணுக்கு "பக்கத்து வீட்டு அக்கா". பல வருடம் அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கிறேன், அதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியதே இல்லை.

வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் பையன்களுடையது சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்துவிடும். பெண்பிள்ளைகளுடையது இரவு பத்தரைக்கு மேல் ஒரு கொத்தாக வந்து விழும். அப்பா வீடு திரும்பி, சாப்பிட்டு, போனைக் கீழே வைத்த பிறகு கிடைக்கிற பத்து நிமிடத்தில் எடுத்த படங்கள். ஆடியிருக்கும், பாதி தலைகீழாக இருக்கும், ஓரத்தில் கட்டைவிரல் நிழல் விழுந்திருக்கும். இரண்டு மாதம் நான் அவர்களுக்கு "அவசரம் வேண்டாம், கவனமாக அனுப்பு" என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளைகூட காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 7, காலை 6.15

பெண்கள் பின்தங்கியிருப்பதற்குப் புள்ளிவிவரம் கேட்டிருக்கிறார்கள். மொபைல் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை வருடந்தோறும் அளந்து அறிக்கை போடுகிறது. 2024 அறிக்கையின்படி, குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் மொபைலில் இணையம் பயன்படுத்தும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு 15 சதவீதம் குறைவு. ஆட்கணக்கில் சொன்னால் 26.5 கோடிப் பேர் வித்தியாசம். தெற்காசியாவிலும் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலும் இடைவெளி 30 சதவீதத்துக்கு மேல். 2025 அறிக்கையில் மொத்த இடைவெளி 14 சதவீதம். ஒரு வருடத்தில் ஒரே ஒரு புள்ளி.

ஜூலை 7, இரவு 10.05

காலையில் எழுதியதை நானே திருத்த வேண்டும். ஜிஎஸ்எம்ஏ கணக்கெடுப்பு 18 வயது ஆனவர்களிடம் எடுப்பது. நாம் பேசிக்கொண்டிருப்பது பதினைந்து வயதுப் பிள்ளையைப் பற்றி. அவள் அந்த 26.5 கோடிக்குள் வரவே மாட்டாள். பகல் முழுக்க இது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. வளர்ந்த பெண்களை எண்ணத் தெரிந்த அளவுக்குச் சிறுமிகளை எண்ண நமக்குத் தெரியவில்லை.

அவள் வயதுக்கு நெருக்கமான கணக்கு யுனிசெஃப் 2023 ஏப்ரலில் வெளியிட்டது. 15 முதல் 24 வயது வரை உள்ள பெண்களில், மிகக் குறைந்த வருமான நாடுகளில், பத்துக்கு ஒன்பது பேர் இணையத்துக்கு வெளியே இருக்கிறார்கள். அதே வயது ஆண்கள் இணையத்தில் இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு. இந்த அறிக்கையில் என்னை உட்கார வைத்த வரி இன்னொன்று. 41 நாடுகளையும் பகுதிகளையும் ஆராய்ந்ததில், வீடுகள் பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளுக்கே அதிகம் போன் கொடுக்கின்றன என்று தெரிந்திருக்கிறது. கடையும் கம்பெனியும் டவரும் அப்புறம். முடிவு முதலில் வீட்டுக் கூடத்தில் எடுக்கப்படுகிறது.

கேள்வி கேட்டவருக்கு: 'வீட்டில் இருக்கிறது' என்பதற்கும் 'அவளிடம் இருக்கிறது' என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை அப்படியே காட்டுகிற ஓர் ஆய்வு உண்டு. இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த ஏசர் (கல்வி நிலை பற்றிய அறிக்கை) 2023 ஆய்வு. கிட்டத்தட்ட 90 சதவீத வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. பயன்படுத்தத் தெரியும் என்ற பிள்ளைகளில், சொந்தமாக வைத்திருந்த பையன்கள் 43.7 சதவீதம். பெண்பிள்ளைகள் 19.8. ஒரே மாதிரி வீடுகள், ஒரே வயது.

ஜூலை 9, மதியம் 1.20

போனுக்கு வரும் ஒருமுறைக் குறியீடான ஓடிபி பற்றி ஒருவர் ஒரு வரி எழுதியிருந்தார். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு மாணவி உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப என் மேசைக்கு வந்தாள். கணினி பள்ளியுடையது, எல்லாம் தயாராக இருந்தது. பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் கட கடவென்று அடித்தாள், அவள் கை என் கையைவிட வேகம். மொபைல் எண் கேட்டது. அண்ணன் எண்ணைப் போட்டாள். "ஓடிபி அனுப்பப்பட்டது" என்று வந்தது. அண்ணன் வேலையில் இருக்கிறான். என் போனிலிருந்து கூப்பிட்டாள், எடுக்கவில்லை. நேரம் முடிந்தது. மறுபடி அனுப்பினாள். இந்தமுறை எடுத்தான், ஆனால் முந்தைய எண்ணைப் படித்தான். தவறு என்று வந்தது. மூன்றாவது முறையோடு பக்கம் பூட்டிக்கொண்டது, மறுநாள் வரச் சொன்னது.

அவள் கோபப்படவில்லை, பழகியவள் மாதிரி நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு எழுந்தாள். எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. என் எண்ணைப் போட்டு முடித்துக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். போட்டிருந்தால் அன்றைய வேலை முடிந்திருக்கும். ஆனால் நாளை அவள் கடவுச்சொல்லை மறந்தால் என்னைத் தேடி வர வேண்டும். அண்ணனிடமிருந்த சாவி டீச்சரிடம் வந்திருக்கும், அவ்வளவுதான்.

இன்றைக்கு மொபைல் எண் என்பது பேசுவதற்கு மட்டும் இல்லை. வங்கிக் கணக்கு, தேர்வு முடிவு, மின்னஞ்சலை மீட்பது எல்லாம் அந்த எண்ணில் தொங்குகின்றன. எண் யாருடையதோ அவர் சம்மதித்தால்தான் கதவு திறக்கும். போன் வாங்க வசதி இல்லாத வீடு என்றால், முதலில் சிம் ஒன்றாவது பிள்ளைக்கென்று ஒதுக்குங்கள். பெரியவர் பெயரில் வாங்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு சிம் போடும் போனில் இரண்டாவது இடத்தில் அது இருக்கட்டும். அந்த எண் அவளோடு வளரும்.

ஜூலை 9, இரவு 8.30

மேலே எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். இரண்டாவது சிம் அண்ணன் போனில் இருந்தால் ஓடிபி மறுபடி அண்ணனிடம்தான் வரும் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். உண்மை, அவர் சொல்வது சரி. பகலில் வீட்டில் இருக்கும் போன் எதுவோ, அதில் போடுங்கள். அம்மா போன் என்றால் பெரும்பாலும் வேலை நடக்கும்.

ஜூலை 12, காலை 7.00

பெண்பிள்ளை கையில் போன் கொடுத்தால் பாதுகாப்பு என்ன ஆகும் என்று பயந்து நீளமாக எழுதியிருக்கும் தகப்பனாருக்கு. உங்கள் பயத்தை நான் சின்னதாக்க மாட்டேன். பிளான் இன்டர்நேஷனல் அமைப்பு 2020இல் 15 முதல் 25 வயதுவரை உள்ள 14,000க்கும் மேற்பட்ட பெண்களிடம், 22 நாடுகளில் கேட்டது. 58 சதவீதம் பேர் இணையத்தில் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பாதிக்கு மேல். அதனால் பயப்படாதீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

என் மகளுக்குப் பதினான்கு வயதில் போன் கொடுத்தேன். மூன்றாவது மாதம் யாரோ ஓர் ஆள் செய்தி அனுப்ப ஆரம்பித்தான். முதலில் பாடத்தைப் பற்றி, அப்புறம் படம் கேட்டு. அவளே வந்து காட்டினாள். நான் பதறிப்போய்ப் போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "உன் நல்லதுக்குத்தான்" என்றேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து வேறொருவன், இதைவிட மோசமாக. எனக்கு அது தெரியவந்தது அவள் தோழி மூலம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா போனை எடுத்துருவீங்கல்ல" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை.

முதல்முறை அவள் செய்தது முழுக்கச் சரி. தப்பு செய்தவன் எங்கேயோ இருந்தான், தண்டனை வந்தது அவளுக்கு. அதை அவள் ஒரு பாடமாகப் படித்துக்கொண்டாள், அந்தப் பாடத்தை நடத்தியவள் நான். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: யார் எதை அனுப்பினாலும் அவள் என்னிடம் காட்டலாம், என்ன ஆனாலும் போன் அவளிடமே இருக்கும். இதுவரை நான்கு முறை காட்டியிருக்கிறாள்.

ஜூலை 12, காலை 7.45

இதையும் பெண்பிள்ளை உள்ள வீடுகள் எல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் ஒன்றை வைத்து யாராவது மிரட்டினால், 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவசச் சேவை இருக்கிறது. காணாமல்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் நடத்துவது, எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். பெயர் சொல்ல வேண்டாம். படத்தை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை மாதிரி ஓர் அடையாளத்தை நம் போனே உருவாக்கும், அது மட்டும்தான் போகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. என் வகுப்பில் இதைச் சொன்ன அன்று ஒரு பெண் முகவரியைக் கையில் எழுதிக்கொண்டு போனாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 15, மாலை 6.50

"பட்டன் போன் போதாதா?" சிரிப்புக்காகக் கேட்கவில்லை என்று தெரிகிறது, அதனால் பதில் சொல்கிறேன். அவசரத்துக்கு அழைக்கப் போதும். மற்ற எதற்கும் போதாது. பெண்பிள்ளைகளுக்காக வேலை செய்யும் கேர்ள் எஃபெக்ட் அமைப்பு, வோடஃபோன் அறக்கட்டளை இரண்டும் சேர்ந்து 2018இல் 25 நாடுகளில் நடத்திய ஆய்வில், போன் சொந்தமாக வைத்திருக்கும் வாய்ப்பு பையன்களுக்கு 1.5 மடங்கு. ஸ்மார்ட்போன் என்று வந்தால் அது 1.8 மடங்கு. பட்டன் போனோடு நிறுத்தினால் இடைவெளி அடுத்த படிக்கட்டில் அகலமாகிறது.

ஜூலை 15, இரவு 11.10

தூக்கம் வரவில்லை, பழைய போன் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நிறைய வீட்டில் நடப்பது இது. புதுப் போன் வந்தால் பையனுக்கு, அவனுடைய பழையது தங்கைக்கு. கொடுத்துவிட்டோம், கணக்குச் சமம் என்று எல்லோருக்கும் நிம்மதி. என் மாணவி ஒருத்தியின் போனை வாங்கிப் பார்த்தேன். சார்ஜ் நாற்பது சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடும், அதனால் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் படிப்பாள். ஸ்டோரேஜ் நிரம்பி வழிகிறது, பாதி அண்ணனின் கிரிக்கெட் வீடியோக்கள். அழிக்கலாமா என்று அவனிடம் கேட்டிருக்கிறாள், "அப்புறம் பாக்கிறேன்" என்றிருக்கிறான். உள்ளே அண்ணனின் கூகுள் கணக்கு. அவள் எடுக்கும் ஒவ்வொரு படமும் அவன் கணக்கில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது, இரண்டு பேருக்குமே அது தெரியாது.

ஜூலை 18, மதியம் 12.40

ஒரே போனைப் பகிர்ந்தே ஆக வேண்டிய வீடுகளுக்கு ஒரு வழி கேட்டிருந்தார்கள். ஆண்ட்ராய்டு போன்களில் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே ஒரு போனில் பல பயனர்களை வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் பயனர்கள் என்ற இடத்தில் பிள்ளைக்கென்று ஒரு கணக்கு உருவாக்கினால் அவளுடைய செயலிகள், படங்கள், பூட்டு எல்லாம் தனி. சில தயாரிப்பாளர்கள் இதை எடுத்துவிடுகிறார்கள், உங்கள் போனில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப்பில் குறிப்பிட்ட உரையாடலை மட்டும் பூட்டலாம், 2023லிருந்து உண்டு.

அப்புறம், நேரம். 'காலியாக இருக்கும்போது எடுத்துக்கோ' என்றால் அவளுக்கு நேரமே கிடைக்காது. 'மாலை ஏழிலிருந்து எட்டரை வரை போன் உன்னுடையது, அழைப்பு வந்தால் நீ எடுத்துச் சொல்' என்றால் கிடைக்கும். வகுப்பில் ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மிஸ், எங்கண்ணன் போன் தூங்கப் போகும்போதுதான் நான் எந்திரிப்பேன்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது.

ஜூலை 21, இரவு 9.15

ஜூலை 6இல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். போன் கையில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற மாதிரி எழுதியிருக்கிறேன். அது பாதிதான்.

சொந்த போன் உள்ள மாணவிகள் சிலரைக் கவனித்தேன். போன் பூட்டைத் திறக்கும் பேட்டர்ன் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலை அழிக்கிறார்கள், தோழியோடு பேசியதைக்கூட. தேடியதை அழிக்கிறார்கள். ஒரு பெண் மாதவிடாய் வலிக்கு என்ன செய்வது என்று தேடிவிட்டு அதையும் அழித்தாள். கை தானாகப் போகிறது, கண் வாசலைப் பார்க்கிறது. இதே வயதுப் பையன்களிடம் உங்கள் பேட்டர்ன் வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். கேள்வியே அவர்களுக்குப் புரியவில்லை.

பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கவனிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பதினைந்து வயது, கவனிக்கத்தான் வேண்டும். மகனுக்கு என்ன விதியோ அதே விதி மகளுக்கும் என்று இருந்தால் போதும். மகன் போனைப் பார்க்காத கண் மகள் போனை மட்டும் பார்த்தால், அவள் கற்றுக்கொள்வது ஒளிப்பதை.

இன்னொன்று பழக்கம். யுனிசெஃப் அறிக்கையிலேயே, 32 நாடுகளிலும் பகுதிகளிலும் பார்த்தபோது, டிஜிட்டல் திறன் கொண்டிருக்கும் வாய்ப்பு பெண்களுக்கு 35 சதவீதம் குறைவு என்று இருக்கிறது. கோப்பை நகல் எடுப்பது, மின்னஞ்சலில் இணைத்து அனுப்புவது மாதிரி எளிய வேலைகள்தாம். இதெல்லாம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. தப்பான பொத்தானை அழுத்தி, திரும்பி வந்து, மறுபடி அழுத்தி வருவது. இரவல் போனில் யார் தப்பான பொத்தானை அழுத்துவார்கள்? கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது?

ஜூலை 24, காலை 6.30

பள்ளியில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டவருக்கு. பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டுப்பாடத்தை அனுப்பக் கடைசி நேரம் இரவு என்று இருந்ததை மறுநாள் காலை ஒன்பது என்று மாற்றினேன், தாளிலும் கொடுக்கலாம். குழுவில் போடும் அறிவிப்பைப் பலகையிலும் எழுதுகிறேன். செய்முறை வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு போன் கொடுத்துப் பையனையும் பெண்ணையும் சேர்த்து உட்காரவைத்தேன், முப்பது நொடியில் எல்லா போனும் பையன்கள் கையில். யாரும் பிடுங்கவில்லை, அவர்களே நீட்டிவிட்டார்கள். இப்போது முதல் இருபது நிமிடம் பெண்கள் கையில்தான், பையன்கள் வாயால் மட்டும் சொல்லலாம். மூன்றாவது வாரத்திலிருந்து சொல்லவும் விடுவதில்லை அந்தப் பெண்கள். "நானே பாக்கிறேன், இரு" என்கிறார்கள்.

நோட்டில் உறவுப்பெயர் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. இந்த வருடம் முப்பத்தொரு பெண்களில் பத்தொன்பது பேருக்கு எழுதியிருக்கிறேன். குறைந்தால் எனக்குத் தெரிய வேண்டும்.

ஜூலை 29, இரவு 8.20

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மகனுக்கு எந்த வயதில் வாங்கிக் கொடுத்தோம் என்று யோசித்தாராம். பதினான்கு. டியூஷன் போய்வர வேண்டும் என்று காரணம். மகளும் அதே டியூஷனுக்குத்தான் போகிறாள், ஆனால் அவளை அவரே கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறார், அதனால் போன் தேவை என்றே தோன்றவில்லை என்று எழுதியிருக்கிறார். அவர் இவ்வளவு நேராக எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. அன்போடு கூட்டிப் போவதும் அவளிடம் போன் இல்லாமல் போனதற்கு ஒரு காரணமாகிவிட்டது.

மகனுடைய போனைத் தரப் போவதாகவும், என்ன செய்து கொடுக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். முதலில் மகனின் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு முழு ரீசெட் செய்யுங்கள், அவனுக்கு வேண்டியதை அதற்கு முன் எடுத்துக்கொள்ளட்டும். பேட்டரி தளர்ந்திருந்தால் மாற்றிக் கொடுங்கள். சிம் புதிது, மகன் எண் வேண்டாம், அவன் நண்பர்கள் எல்லாம் அவளைக் கூப்பிடுவார்கள். முதல்முறை போனை இயக்கி, மொழியைத் தேர்ந்தெடுத்து, கணக்கு திறந்து, பூட்டு வைப்பது வரை அவளே செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், கையைக் கட்டிக்கொண்டு. எங்காவது சிக்கினால் கேட்பாள்.